கேசரி கிளறும் ஞாயிறுகள்

6.2.1983, ஞாயிறு

இன்று மதியம் நாத்தனார் பாண்டியம்மாளைப் பெண் பார்க்க வந்தார்கள். அதனால் நானும் என் மகன் வீரணனும் வீட்டில் இல்லை. இதுதான் இப்போது ஏற்பாடு. கேசரிக்கு ரவையை வறுக்கும்போதே அத்தை சொல்லிவிட்டார்: "ரெண்டு மணிக்கு வாராக. அவனக் கூட்டிக்கிட்டு எங்கிட்டாச்சும் போயிட்டு வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வா."

எதற்கெடுத்தாலும் மாமியாரிடம் வாயாடுகிற நான் இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை. பாண்டிக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. ஏழு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத, புது ஆள் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பத்து ரத்தமே இப்படி என்று எழுந்து போய்விட்டால்? போன வருஷம் ஒரு கூட்டம் அப்படித்தான் போனது.

தெப்பக்குளம் போனோம். உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நான்கு பக்கமும் நடந்தான். நான் பின்னால். கை எரியுமே என்று எடுத்துவிட்டால் திரும்பவும் முதல் மூலைக்கு ஓடி அங்கிருந்து ஆரம்பிக்கிறான். சரியான வெயில். பூ விற்கிற அம்மாள், "பிள்ளைக்குப் பேச்சு வரலையா தாயி?" என்று கேட்டாள். "வந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்றேன். பாவம், அவள் நல்லபடியாகத்தான் கேட்டாள்.

ஐந்தரைக்குத் திரும்பினால் வாசலில் இன்னும் வேன் நிற்கிறது. தெருமுனையில் முக்கால் மணி நேரம் நின்றோம். என் வீட்டுக்குள் நான் போவதற்கு.

8.2.83

"யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். அனுப்ப மாட்டார்கள்.

24.2.83, வியாழன்

மறுபடி பெண் பார்க்கும் படலம். மறுபடி நாங்கள் தெருவில்.

இந்த முறை டவுன் பஸ். கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்புவது என்று திட்டம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் கிடைத்தால் அவன் தங்கம். இன்று அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். கத்தல், தன் கையைத் தானே கடிப்பது, அந்தப் பெரியவரின் துண்டைப் பிடித்து இழுப்பது. நான் என்ன சொல்லியும் அடங்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "ஒத்தப் புள்ளைன்னு இம்புட்டுச் செல்லங் குடுத்தா இப்பிடித்தேன்" என்றாள்.

செல்லமா? வா, நீ ஒரு நாள் வைத்திரு. காலையில் பல் விளக்கிவிட்டுக் காட்டு. சட்டையைப் போட்டுவிட்டுக் காட்டு. இதெல்லாம் மனசுக்குள் சொன்னது இல்லை, பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "எறங்கிக்கங்கக்கா, பிள்ளைக்குக் காத்தாச்சும் வரும்" என்றார்.

இரண்டு மைல் நடந்தோம். அவன் என் சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தான். வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "வர்ற வழியில அவுக யாரும் பாத்தாகளா?"

பெற்ற தகப்பன். பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டிருக்கலாம்.

13.3.83, ஞாயிறு

தெப்பக்குளப் படிக்கட்டு. மூன்று மணியிலிருந்து ஆறு வரை.

ஒரு நிமிஷம்— இவனை இங்கேயே விட்டுவிட்டு எழுந்து நடந்தால் என்ன என்று தோன்றியது. யார் வீட்டுப் பிள்ளை என்று அவனால் சொல்ல முடியாதே. எழுந்தும் விட்டேன். நாலு படி ஏறினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் எதையோ முனகிக்கொண்டு கூழாங்கல்லை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எழுதியதை அடித்துவிடலாமா? வேண்டாம். இருக்கட்டும்.

17.4.83

திருமங்கலத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிற பையனாம். நல்ல குடும்பமாம். அடுத்த ஞாயிறு வருகிறார்கள். எங்கே போவது? போன இடத்துக்கெல்லாம் போயாகிவிட்டது.

24.4.83, ஞாயிறு

ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

காலையில் அத்தை கேசரி கிளறினார். நெய் வாசம். இவர் கூடத்தில் ஜமுக்காளம் விரித்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீரணன் வாசலுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் என் செருப்பு. கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். தன் செருப்பைக் கால் மாற்றி மாட்டியிருந்தான்.

இந்தப் பிள்ளை இதுவரை எனக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பானை மேல் வைப்பான், அவ்வளவே. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாண்டி, ஓடி வா! இங்க பாரு, எஞ் சாமி எனக்குச் செருப்பு எடுத்துட்டு வந்திருக்கான்!" என்று கத்தினேன். இவரும் ஓடிவந்தார்.

அத்தை கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, சமத்து! அவனுக்கே தெரிஞ்சு போச்சு. நீதான் இன்னும் கெளம்பாம உக்காந்திருக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெய் வாசம் வந்தால் நாம் இங்கே இருக்கக் கூடாது. ஏழு வருஷத்தில் என் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டது இது.

செருப்பை எடுத்துக்கொண்டுபோய் இருந்த இடத்தில் போட்டேன். "நான் போகலத்தே" என்றேன். திரும்பக் கொண்டுவந்தான். திரும்பப் போட்டேன். அழ ஆரம்பித்தான். அவனுக்கு வெளியே போயாக வேண்டும், என் ரோஷம் அவனுக்கு என்ன தெரியும்? அவர்கள் படியேறும்போது வாசல் நடுவில் கிடந்து தலையை முட்டி அலறிக்கொண்டிருந்தான். நான் அவன் தலைக்கும் தரைக்கும் நடுவில் கையை வைத்திருந்தேன். பையனின் அப்பா, "யாரு இது?" என்றார். இவர் கூடத்துக்குள் போய் ஜமுக்காளத்தைச் சரிசெய்தார். பட்டுச் சேலையோடு பாண்டி உள்ளேயிருந்து வந்து, "எங்க அண்ணன் மகன்" என்றாள்.

கேசரியை யாரும் தொடவில்லை.

25.4.83

அத்தை என்னோடு பேசவில்லை. இவரும்தான். நான் கெடுத்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். பாண்டியிடம் போய் நின்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நாமதான மதினி அவன இப்பிடிப் பழக்குனோம்" என்றாள். அவள் டைப் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள். "தப்பு விரல்ல அடிச்சுப் பழகுனவுகள நான் எப்பிடி மாத்துவேன் தெரியுமா? அதே வரிய மறுபடி மறுபடி அடிக்க விடுவேன். இனிமே ஞாயித்துக்கெழமையானா கேசரி கிண்டுவோம். யாரும் வர வேண்டாம்."

1.5.83

கேசரி. ஜமுக்காளம். பாண்டி பட்டுச் சேலையே கட்டிக்கொண்டாள். ஒருவரும் வரவில்லை. வீரணன் செருப்போடு இரண்டு மணி நேரம் கத்தினான். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

8.5.83

ஒன்றேகால் மணி நேரம். அத்தை, "இதென்ன கூத்து, ஊரு சிரிக்கப் போகுது" என்று முணுமுணுத்தார். ஆனால் முந்திரியை வறுத்துக் கொடுத்தது அவர்தான்.

15.5.83

கத்தினான். கடித்தான். என் முழங்கையில் பல் பதிந்திருக்கிறது. இது எங்கே நடக்கப் போகிறது?

29.5.83

செருப்பை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். கீழே போட்டுவிட்டுக் கேசரித் தட்டுக்கு வந்தான். பாண்டி சமையலறையில் போய் அழுதாள், நான் பார்த்தேன். இவர் இன்று முழுக்கப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

12.6.83, ஞாயிறு

இன்று நிஜமாகவே வந்தார்கள். மேலூரிலிருந்து. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாத்தியார்.

என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. நான் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டு, கூடத்துப் பக்கம் கண்ணையும் காதையும் வைத்திருந்தேன். கார் சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க." வீரணன் காதைப் பொத்திக்கொண்டு கூடத்தை மூன்று தரம் சுற்றி ஓடினான். எனக்கு உயிரே இல்லை. பிறகு ஜமுக்காளத்தின் நடுவில், மாப்பிள்ளைக்கென்று திண்டு போட்டிருந்த இடத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அத்தை தொண்டையைச் செருமுவது கேட்டது. நான் கரண்டியை வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன்.

அதற்குள் இவர் குரல்: "இவன் என் மகன், வீரணன். பேச மாட்டான். உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்கவும் மாட்டான். மாப்ள, நீங்க கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி உக்காந்துக்கங்க."

தள்ளி உட்கார்ந்தார்கள்.

கடைசி ஈடு பஜ்ஜி கருகிப் போயிற்று. அதை நானே தின்றேன்.