சஷ்டியா, சப்தமியா?

சண்டைக்கார அக்காவின் செல்லத் தம்பி முருகேசா,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. உன் முதல் திதியை எந்த நாளில் வைப்பது என்று எனக்கும் உன் பெண்டாட்டி செல்விக்கும் சண்டை. பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நீ கண்ணை மூடியது மத்தியானம் மூன்று மணிக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் வீட்டு வாக்கியப் பஞ்சாங்கப்படி அப்போது சஷ்டி. ராஜபாளையத்தில் செல்வி பார்க்கும், புதுக் கணக்குப் போட்ட திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சப்தமி பிறந்துவிட்டது.

"மதினி, கிரகணமெல்லாம் எங்க புத்தகப்படிதான் பிடிக்குது. உங்க புத்தகம் தப்பு" என்றாள்.

"எங்க அப்பாவுக்கும் இதைப் பார்த்துத்தான் திதி கொடுத்தோம். அம்புட்டும் தப்புங்கியா, ஏட்டி?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

பிறகுதான் நீ நினைவுக்கு வந்தாய். காலேஜில் இயற்பியல் நடத்திவிட்டு வந்து, நான் கீரை ஆயும்போது என் உயிரை எடுப்பாயே.

"அக்கா, பழைய பாடத்துல நிறைக்கு அழிவே கிடையாது. புதுப் பாடத்துல அது ஆற்றலா மாறிரும். ரெண்டுலயும் நிறைன்னு பேரு ஒண்ணு, சொல்லுறது வேற. ரெண்டையும் நிறுக்க ஒரே படிக்கல் யாருட்டயும் இல்ல."

"அப்போ ரெண்டும் சரியாலே?"

"அப்படியில்லக்கா. எது எதுக்கு ஒத்து வருதுன்னு பார்க்கலாம். ஆனா ஒண்ணுக்குள்ள நின்னுக்கிட்டே இன்னொண்ணு முழுசாப் புரியாது. அங்க போயி கொஞ்சநாள் குடியிருக்கணும்."

போடா கிறுக்கா என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். மலைக்கு மேலே மூன்றாம் பிறை. அப்படியே நின்றுவிட்டேன். இந்த ஒரு கீற்றைப் பிடிக்க எத்தனை தலைமுறை கணக்குப் போட்டிருக்கிறது! இரண்டு புத்தகத்துக்குள்ளும் இரண்டு வானம். பிறையோ தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எம்மாடி, எம்புட்டுப் பெரிசுலே இது! இதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாயா? நீ இப்போது எந்தப் பாடத்தில் இருக்கிறாய்? அழியாததிலா, மாறிப்போனதிலா?

இறங்கி வந்ததும் செல்வியைக் கூப்பிட்டேன். "ஏட்டி, உன் சப்தமிக்கு நான் அங்க வாரேன். உன் புத்தகத்தைப் பார்க்க எனக்கும் சொல்லிக்கொடு."

அழுதுவிட்டாள். "சஷ்டிக்கு நான் முதல்ல அங்க வாரேன் மதினி. அவியளுக்குப் பிடிச்ச சேனை வறுவலை நான் செய்யுதேன்."

இனி கிரகணம் என்றால் அவள் புத்தகத்தைத்தான் பார்ப்பேன், தோற்றுவிட்டேன் போ. ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை உனக்கு வருசத்தில் இரண்டு நாள் இலை விழும். இரண்டு நாளும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
உன் அக்கா