நான் அணைக்காத கிரைண்டர்

என் அலமேலு, சண்டை போட்ட நாளிலும் எனக்குக் காப்பி ஆற்றி வைத்தவளே,

நீ போய் மூன்று வருஷமாகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நினைவுப் பிழை இருக்காது என்றுதான் இந்த ஆவணி அவிட்டம்வரை நினைத்திருந்தேன்.

முதலில் செய்தி. நம் தெரு இப்போது தன் கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பன்னிரண்டு வீட்டு மாடியிலும் சோலார் பலகை. தெருக்கோடி விறகுப்புரையில் பாட்டரிகளும், கண்ட்ரோலர் என்று ஒரு பெட்டியும். வெளிக்கரண்ட் போனால் அந்தப் பெட்டி நம் தெருவை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டும். கரமனையில் மழைக்காலம் எப்படியென்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

சேதுவுக்காகத்தான் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். உன் ஆத்துக்காரருக்கு இப்போது மூச்சுக்கு ஆக்ஸிஜன் மிஷின். கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும், பிறகு சிலிண்டர்தான். "இப்படிப் போய்ண்டிருந்தா அப்பாவைச் சென்னைக்கே அழைச்சிண்டு போயிடறேன் பெரியம்மா" என்று உன் பிள்ளை ரமேஷ் சொல்லிவிட்டான். சேது என்னிடம் மட்டும் சொன்னான்: "அங்க பதினாலாவது மாடி மன்னி. எட்டிப் பார்த்தா ஆறா தெரியும்?"

ஆவணி அவிட்டத்துக்கு ரமேஷ் வந்திருந்தான். காலையிலேயே மழை கொட்டி வெளிக்கரண்ட் போயிற்று. பெட்டி பிடித்துக்கொண்டது, விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. ஆனால் பூணூல் மாற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு வடை வேண்டாமா? பன்னிரண்டு வீட்டு உளுந்தும் ஒரே நேரத்தில் ஊறி, ஒரே நேரத்தில் கிரைண்டரில் விழுந்தது. தெருக் கரண்டே நின்றுபோயிற்று. ரமேஷ் ஓடிப்போய் அப்பாவுக்குச் சிலிண்டரை மாட்டினான். அவன் முகத்தைப் பார்த்ததும் சேதுவின் ரயில் டிக்கெட் எனக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மலையாளத்து எஞ்சினியர் பெண் ஷைனி கரண்டைத் திரும்பப் போட்டாள். உடனே நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி நின்றது. நனைந்துகொண்டே தெரு நடுவில் நின்று கேட்டாள்: "ஆராவது கிரைண்டர் ஆஃப் செய்யாம விட்டிருக்கா?"

"நாங்க அணைச்சாச்சே." எல்லா வாசலிலிருந்தும் ஒரே பதில். என் வாசலிலிருந்தும்தான்.

"அம்மே, மோட்டார் கிளம்பும்போ ஓடறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பாதி மாவோட நின்ன கல்லுன்னா பின்னெ பறையவே வேண்டா. எல்லாம் ஒருமிச்சுக் கிளம்பினா பெட்டி தாங்காது. தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். நின்னு போன மோட்டாரும் எரிஞ்சு போகும், கேட்டோ."

உள்ளே போய்ப் பார்த்தேன். என் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது.

அலமேலு, அந்தப் பழைய வெள்ளிக்கிழமை ஞாபகமிருக்கிறதா? இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர் இருந்த காலம். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் என் கிரைண்டர் புகைந்தது. நீ உன்னுடையதை அணைக்காமல் விட்டதால்தான் எரிந்தது என்று சாலைக் கடைத்தெரு வரை சொன்னேன். "மன்னி, நான் ஸ்விட்சை அணைச்சுட்டுத்தான் காப்பி கலக்கப் போனேன்" என்றாய். நம்பவில்லை. ஆடியிலிருந்து தை வரை உன்னோடு பேசவில்லை. நீ கட்டியிருந்த பச்சைப் புடவையின் கரைகூட நினைவிருக்கிறது. என் கை ஸ்விட்சை அணைத்தது மட்டும் நினைவில் இல்லை. எப்படி இருக்கும்? அணைத்தால்தானே.

வாசலுக்கு வந்து, "நான்தாண்டி அணைக்கலே" என்றேன்.

"ஐயோ, நானுந்தான் மாமி" என்று எட்டாம் வீட்டுக் கோமதி உள்ளே ஓடினாள். அவளைப் பார்த்துத் தெருவே அவரவர் வீட்டுக்குள் ஓடிற்று. ஷைனி குடையே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நான் குடையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நின்றேன். யார் வீட்டுக் கல் கனம், யார் உளுந்து சீக்கிரம் மசியும், எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். ஒன்று ஓடி நின்ற பிறகு அடுத்தது. கடைசியாக என்னுடையது. வடை மத்தியானம்தான் வந்தது, ஆனால் கரண்ட் நிற்கவில்லை. சுமை கூடினால் கிரைண்டர்களை மட்டும் முதலில் நிறுத்தி, சேதுவின் மிஷினைக் கடைசிவரை ஓட்டும்படி ஷைனி அன்றே பெட்டியைத் திருத்தினாள்.

முந்தாநாள் காலை மரம் விழுந்து கம்பி அறுந்தது. நேற்று மத்தியானம்தான் வெளிக்கரண்ட் வந்தது. போய் சேதுவிடம் சொன்னேன். "எப்போ போச்சு மன்னி?" என்று கேட்டான் சேது. நான் போனை அவன் பக்கத்தில் பிடித்திருந்தேன். மறுமுனையில் ரமேஷ் அதைக் கேட்டுவிட்டு, "சரி பெரியம்மா, அப்பா அங்கேயே இருக்கட்டும்" என்றான். சேது உடனே ஆற்றங்கரைப் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னான்.

என் வெண்கல உருளியை நீ திருப்பித் தராதது வேறு விஷயம். அதை இன்னும் மறக்கவில்லை. கிரைண்டர் விஷயத்தில் மட்டும் தப்பு என்னுடையது. இதைத் தெருவே படிக்கட்டும்.

அடுத்த ஆவணி அவிட்டத்தில் முதல் முறை உன் கிரைண்டருக்குத்தான். நானே வந்து அரைத்து, சேதுவுக்கு வடை தட்டிக் கொடுப்பேன். நடுவில் கரண்ட் போனால், ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் காப்பி கலக்கப் போவேன்.

ஒரே சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் ஓர்ப்படி மங்களம்