மட்கார்டில் மட்டும் வேறு பச்சை

மார்ச் 4, செவ்வாய்

பொம்மைக் காரின் கூரைக்கு அடித்த பெயிண்டில் ஒரு முடி விழுந்துவிட்டது. என் தலையில் மிச்சமிருப்பதே கொஞ்சம், அதில் ஒன்று போய் அங்கேயா உட்கார வேண்டும்? காய்ந்த பிறகு தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

பகலெல்லாம் லேபில் யார் யாருக்கோ செயற்கைப் பல் செய்து நிறம் பொருத்துகிறேன். சாயங்காலம் வீட்டில் உள்ளங்கை நீளக் கார்களுக்கு நிறம் பொருத்துகிறேன். இந்த முறை மாப்பிள்ளையின் பழைய பச்சைக் கார். அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லித் தங்கச்சி ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவருக்கோ மனசே இல்லை. "வித்தாலும் கண்ணு முன்னாடி இருக்கணும் மச்சான். அச்சு அசலா செஞ்சு குடுங்க" என்றார். அச்சு அசல் என்று என்னிடம் சொன்னால் அவ்வளவுதான், விடமாட்டேன். தங்கச்சி போனில், "ஏதோ ஒரு பச்சை அடிச்சுக் குடுண்ணா, அவருக்கு என்ன தெரியப் போகுது" என்கிறாள். ஏதோ ஒரு பச்சையாம். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில் தையல்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். தங்கச்சி வீட்டுத் தெருமுனையில் கடை வைத்திருப்பவர். என் பேண்ட் எல்லாம் அவர் தைத்ததுதான். போன மாதம் மழையில் கடையைப் பூட்டிவிட்டு நடந்து போனவரை ஒரு கார் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்புக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி மெஷின் மிதிக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. இடித்தவன் யாரென்றும் தெரியவில்லை. நாசமாய்ப் போகிறவன்.

மதியச் சாப்பாடு தினமும் தங்கச்சிதான் கொண்டு போகிறாளாம். "சொந்தக்காரங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்றார் நர்ஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வருமோ என்று பார்க்கிறேன்.

காலையில் தங்கச்சி வீட்டுக்கு ஸ்பூன்களோடு போனேன். பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் விதவிதமாகப் பெயிண்ட் அடித்து, அசல் காரில் வைத்துப் பார்ப்பது பொம்மைக் கார் செய்கிற எங்கள் கூட்டத்தின் வழக்கம். காருக்கு உறை போட்டு வைத்திருந்தாள். கழற்றினேன். கதவில் ஐந்தாவது ஸ்பூனை வைத்ததும் ஸ்பூன் இருக்கிற இடமே தெரியவில்லை. குதிக்காத குறை. அதையே ஓட்டுநர் பக்கத்து முன் மட்கார்டில் வைத்தேன் — பளிச்சென்று தனியாகத் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். பெயிண்டில் இருக்கும் வெள்ளித் துகள் வேறு மாதிரி படிந்திருந்தது. விளிம்பில் டேப் ஒட்டி எடுத்த இடம் நகத்தில் தட்டியது. கதவோர ரப்பரில் பச்சைப் பெயிண்டின் தூறல். யாரோ அவசரத்தில் அடித்த வேலை.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மாட்டேனே. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் என் கண்ணைப் பற்றி அளந்துவிட்டேன். "மட்கார்டுக்கு எங்க மாப்பிள்ளை பெயிண்ட் அடிச்சீங்க? கத்துக்குட்டி வேலை."

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

"அப்ப கார் தானா கிளம்பிப் போய் அடிச்சிட்டு வந்துச்சா?"

தங்கச்சி மகள் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "போன மாசம் நான் வெளியூர்ல இருந்தேன். நீதானே வண்டி எடுத்த?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"கேட்ல உரசிடுச்சு" என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்ததா? "உரசினா கீறல்தான் விழும். இது நல்லா உள்ள போனதைத் தட்டி எடுத்து, பூசி, தேய்ச்சு..." என்று சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை.

போன மாதம். மழை.

யாரும் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

இருக்காது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

அவள்தான்.

லேப் வாசலுக்கே வந்துவிட்டாள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். "இறங்கிப் பாத்தேண்ணா. கண்ணத் திறந்து என்னையே பாத்தாரு. பயந்து ஓடிட்டேன்" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். இவளைத்தானா அன்று அப்படிச் சபித்தேன்? அந்தச் சாப்பாடு, அத்தனை நாளும்... ஐயோ, எந்தக் கையால் பரிமாறினாள்?

"போலீஸ்ல சொன்னா ஜெயில்ல போடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? எனக்குப் பல் தெரியும், பொம்மைக் கார் தெரியும்.

மார்ச் 12, புதன்

மாப்பிள்ளை போன் செய்தார். அவரிடமும் சொல்லிவிட்டாள். "பொண்ணு இருக்கா மச்சான், அவ வாழ்க்கை இருக்கு. அந்த மட்கார்ட உங்களால சரி பண்ண முடியாதா? அப்புறம் வித்துடலாம்" என்றார்.

முடியாது என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு யோசித்தேன். பழைய பெயிண்டைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஐந்தாவது ஸ்பூனின் கலவையை இரண்டு பூச்சாக அடித்து, மேலே வார்னிஷ். நான் அடித்தால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. கலவையின் அளவுவரை போய்விட்டேன். திடீரென்று அந்த மனிதரின் கால் ஞாபகம் வந்தது. இதையெல்லாம் நினைத்தது நானா? நான்தான். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

தங்கச்சி காலையில் கூப்பிட்டாள். "தையல்காரர்கிட்ட சொல்லப் போறேன். கூட வா. பேசாத, நில்லு போதும்."

போனேன். தையல்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்கள இடிச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டாள். வெறும் அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரர் அவளை நிதானமாகப் பார்த்தார். "தெரியும்மா" என்றார்.

அவள் கம்பியை விட்டுவிட்டாள்.

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேனே. மொத நாள் நீ சோத்த எடுத்துட்டு வந்தப்பவே, சொல்லத்தான் வந்திருக்கன்னு நினைச்சேன். நீ சொல்லல. சரி நாளைக்குச் சொல்லுவன்னு நினைச்சேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லல?" என்று நான் கேட்டுவிட்டேன். பேசாதே என்று சொல்லியிருந்தாள்.

"அவளே சொல்லணும்னு இருந்தேன். அதுக்குன்னு மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க" என்றார். பிறகு அவளிடம், "ஸ்டேஷனுக்குப் போம்மா. இனிமே சாப்பாடு வேணாம்" என்றார்.

மாடிப்படியில் அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அப்படியே ஸ்டேஷனுக்குப் போனோம்.

ஜூன் 20, வெள்ளி

தங்கச்சிக்கு ஜாமீன். வழக்கு நடக்கிறது. வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு. கார் ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலில் நிற்கிறது. மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை, அவளோடு பேசுகிறார், அது போதும். தையல்காரர் கடையைத் திறந்துவிட்டாராம். மோட்டார் வைத்த மெஷின். அந்தப் பக்கம் நாங்கள் யாரும் போவதில்லை.

இன்று கோர்ட்டிலிருந்து அவளை நான்தான் பஸ்ஸில் கூட்டி வந்தேன். பாதி வழிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அன்னிக்கு சாப்பிடும்போது, தெரிஞ்சுதான் சொன்னியா?"

"இல்ல. பெருமைக்குச் சொன்னேன்."

"தெரிஞ்சிருந்தா?"

டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன். அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

"எனக்காக மறைச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.