கேமராவை வைடில் வைத்த அண்ணனுக்கு

அண்ணே,

இன்றைக்குக் காலையில் திருநகரில் எங்கள் சபை மண்டபத்துக்கு வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. சாயங்காலம் என் தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். மினி லாரியில் வெயிலில் காய்ந்து வந்த பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்ததும் சிரித்துவிட்டேன். போதகர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. "என்னக்கா, நாற்காலியப் பாத்து இம்புட்டுச் சிரிப்பு?" என்றாள் தங்கச்சி. அவளுக்கு எங்கே போய் விளக்க? நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று எனக்குள் கிடக்கிறது. மண்டப வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் சானலை அந்தத் தொழிலதிபர் வாங்கிய வருடம் ஞாபகமிருக்கிறதா? கல்லூரி, சிமெண்டு, ரோடு கான்ட்ராக்ட் என்று எல்லாம் வைத்திருந்தார். டிவி ஒன்றுதான் பாக்கி, அதையும் வாங்கிவிட்டார். ஒரு கட்சிக்கு ரொம்ப வேண்டியவர். வந்த முதல் மாதமே மதுரை அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். வெளியே போய்ச் செய்தி எடுக்க மிஞ்சியது நிருபராக நானும் கேமராமேனாக நீங்களும்.

அதற்கப்புறம் சென்னைச் செய்தி டெஸ்க்கிலிருந்து வந்த உத்தரவுகள் இருக்கிறதே! முதலாளி ஐயாவின் கட்சிக் கூட்டமென்றால் டைட் ஷாட். நூறு பேரை நெருக்கிப் பிடித்துக் காட்டினால் கடல் மாதிரி தெரியும். எதிர்க்கட்சிக் கூட்டமென்றால் மூன்று மணிக்கே போய், ஆள் வருவதற்கு முன்னால், காலி நாற்காலிகளை, மைதானம் முழுக்கத் தெரிகிற மாதிரி, வைடில் எடுத்து அனுப்பிவிட வேண்டும். இரண்டு கட்சிக்கும் நாற்காலி தருவது ஒரே வாடகைக் கடை. "ஒருவாட்டி எடுத்தாப் போதும் தங்கச்சி. ஆட்சி மாறுனாலும் இதையே ஓட்டிக்கிறலாம். நாற்காலிக்கு ஏது கட்சி?" என்றீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனைக்கும் நீங்கள் முதலாளியின் கட்சிக்கே பரம்பரையாக ஓட்டுப் போடுகிற ஆள். உங்கள் அவனியாபுரம் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தலைவர் படம் தொங்கும்.

வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், அந்த எதிர்க்கட்சிக் கூட்டம். சித்திரை வெயில். காலி நாற்காலிகளை மூன்று மணிக்கே எடுத்து அனுப்பிவிட்டோம். ஆறரைக்கு லைவ். அதற்குள் ஜனம் வந்து நெரிகிறது. காதுக்குள் செய்தி ஆசிரியர் பேசினார்: "மேடம், உங்க முகம் மட்டும் டைட்ல. நாற்காலிகள் காலியா கிடக்குன்னு ஒரு வரி சொல்லிருங்க, போதும்."

ஒரு வரிதானே. சொல்லிவிடுவதென்று நான் முடிவு செய்துவிட்டேன் அண்ணே. உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன, ஒரு வரிக்காக எவளாவது வேலையை விடுவாளா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

"நாற்காலிகள்..." என்று ஆரம்பித்தேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. இரண்டு தடவை சிமிட்டினேன். உடனே உங்கள் இடது கை லென்சில் நகர்ந்தது. என் பக்கம் எப்போதும் திருப்பி வைப்பீர்களே, கேமராவின் அந்தச் சின்னத் திரையில் என் முகம் சுருங்கிக்கொண்டே போக, பின்னால் கூட்டம் விரிந்தது. இடமில்லாமல் நிற்கிறவர்கள், மதில்மேல் ஏறியவர்கள், துண்டைச் சுழற்றுகிறவர்கள், ஐஸைச் சப்பிக்கொண்டே நமக்கு டாட்டா காட்டிய ஒரு அம்மா. அம்புட்டுப் பேரையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எந்த வாயால் காலி என்பது?

"நாற்காலிகள் போதவில்லை. நிறையப் பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்" என்றேன். விசில் பறந்தது. ஸ்டுடியோப் பெண் பாவம், எழுதிக் கொடுத்த "வெறிச்சோடிய மைதானம்" என்பதையே வாசித்துக்கொண்டிருக்க, டிவி திரையில் பக்கத்துக் கட்டத்தில் ஜனம் கையாட்டிக்கொண்டிருந்தது. மதுரையே சிரித்தது.

"கை வழுக்கிருச்சு சார். வேர்வை" என்று போனில் அப்பாவியாகச் சொன்னீர்கள். வேறு ஆள் இல்லாததால் இரண்டு பேருக்கும் வேலை தப்பியது. தண்டனையாக மூன்று மாதம் கோயில் திருவிழாவும் சமையல் நிகழ்ச்சியும் கொடுத்தார்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற நான் தேரோட்டத்தை வர்ணிக்கிறேன், நீங்கள் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அல்லேலூயா வீட்டுப் பொண்ணு என்னமாத் தேர் இழுக்குது பாரு!" என்று கிண்டலடிக்கிறீர்கள். போகிற இடமெல்லாம் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை. நான் குண்டானதுதான் மிச்சம். ஆனால் என் வேலை நாட்களிலேயே அவ்வளவு சந்தோஷமான மூன்று மாதம் வேறில்லை.

மறு வருடம் தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்ததும் முதலாளி அந்தப் பக்கம் தாவினார். இப்போது உங்கள் கட்சிக் கூட்டத்துக்குக் காலி நாற்காலி கேட்டது டெஸ்க். "பழசு இருக்கு, போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, நேரமானதும் வைடில் எடுத்தீர்கள். அன்றைக்கு உண்மையாகவே பாதி காலி. உங்கள் முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனால் கேமரா அசையவில்லை. "ஓட்டு என்னுது தங்கச்சி. படம் ஊருது" என்றீர்கள்.

வண்டியூர்க் கதையை மட்டும் நீங்கள் விடவே இல்லை. டீக்கடையில், பிரஸ் மீட்டில், என் வீட்டுக்காரரிடம்கூட. "தங்கச்சி கண்ணக் காட்டுச்சு, நான் வைடு போனேன். தைரியமெல்லாம் அதோடதுதான்." அது கண் கரித்ததுக்குச் சிமிட்டியது, நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, கேட்க இனிக்கவும் செய்தது. அந்தப் பேர் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் அதற்குப் பிறகு டெஸ்க்கிடம் எத்தனையோ தடவை "முடியாது சார்" என்றேன்.

இதுவரை எழுதிவிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு மறக்காமல் வரச் சொல்லி உங்கள் வீட்டுக்கு, மதினிக்குப் போன் போட்டேன். பேச்சோடு பேச்சாக இதையும் கொட்டிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடி ஆத்தி, அது அவுகளுக்குத் தெரியும்மா! அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொன்னாக. 'அந்தப் பிள்ளை பொய் சொல்லத்தான் வாயத் தொறந்துச்சு, நான் வெரசா வைடு போயிட்டேன். அதுதான் கண்ணக் காட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வைக்கப் போறேன். அப்பறம் அது எப்பிடிப் பொய் சொல்லுதுன்னு பாப்போம்'னாக."

சரியான ஆள் அண்ணே நீங்கள்! போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், அழுதேன், மறுபடியும் சிரித்தேன். சானல் இப்போது இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது. நாளைக்கு எனக்கு லைவ் இருக்கிறது, என்ன சொல்ல வேண்டும் என்று இன்றைக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். அனுப்பட்டும். என்னைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்த அந்தப் பொய்யை நான் இன்னும் மெய்யாக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.