ஜேர்மன் கணினியும் நாலாவது கையும்

“மாஸ்டர், நீங்கள் பள்ளிக்கூடத்திலையும் பிள்ளையளின்ர பேப்பரைக் கடைசிப் பக்கத்தில இருந்தோ திருத்தினனீங்கள்?”

சம்பந்தி, லண்டன் கிங்ஸ்பரி வீட்டின் சின்ன அறையில் வைத்து இந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். இன்று காலை உங்கள் விசைப்பலகையைத் தூசு தட்டும்போது அது திரும்ப நினைவுக்கு வந்தது. ஒய் இருக்க வேண்டிய இடத்தில் ஸெட்டும், ஸெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய்யும் உள்ள அதே ஜேர்மன் விசைப்பலகைதான். அதன் மூலையில் நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்துபோய், எவ்வளவு தட்டியும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் மகன் உங்கள் மகள் வாணியைக் கட்டியதால் நாம் சம்பந்திகள் ஆனோம். அதற்குமேல் நமக்குள் பொதுவாக எதுவும் இருக்கவில்லை. நான் லண்டனில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். நீங்கள் ஜேர்மனியில் ஒரு சிறு நகரத்துப் பேக்கரியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். உங்கள் மனைவி காலமான பிறகு, தனியே இருக்க வேண்டாம் என்று வாணி உங்களை இங்கே, நாங்கள் எல்லாரும் இருக்கும் வீட்டுக்கே, கூட்டிவந்தாள். எனக்கு ஜேர்மன் தெரியாது, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பஸ் ஓட்டுநர் காலை வணக்கம் சொன்னால்கூட, ஏதோ குற்றத்தில் பிடிபட்டவர்போல நீங்கள் டிக்கெட்டை எடுத்துக் காட்டுவீர்கள்.

அங்கே உங்களுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது. நாலு பேர், ஒரு மேசை, முந்நூற்றிநாலு. ராசாவை ஜாக் அடித்துவிடும் அந்தச் சீட்டுத் தாள் விளையாட்டில் நாலு கை இல்லாவிட்டால் ருசியில்லை. நீங்கள் லண்டனுக்கு வந்ததும் அங்கே மூன்று கைகள்தான் மிஞ்சின. இங்கே எல்லாச் சனிக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்து, “நான் ஜேர்மனிக்குப் போறன்” என்பீர்கள். பின்னேரம் வாணி அதைத் திரும்ப அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவாள்.

அந்த மூவரில் தேவன் என்பவர் கணினி திருத்துகிறவர். யாரும் எடுத்து விளையாடலாம், உள்ளே திறந்து தமக்கு ஏற்றபடி மாற்றவும் செய்யலாம் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்த ஒரு தாள் விளையாட்டை அவர் எடுத்து, முந்நூற்றிநாலு ஆட அதைப் பழக்கியிருந்தார். இனி நாலு பேரும் நாலு இடத்தில் இருந்துகொண்டே ஆடலாம். நீங்கள் சந்தோசத்தில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு என்னையும் கேட்கச் செய்தீர்கள்.

“அண்ணை, நான் லினக்ஸ் பாவிக்கிறனான். விண்டோசுக்கு நான் செய்து வைக்கேல்லை. சோர்ஸ் கோட் அனுப்பியிருக்கிறன், எடுத்துக் கொம்பைல் பண்ணுங்கோ. அஞ்சு நிமிச வேலை.”

“அப்ப எப்ப விளையாடலாம்?”

“நீங்கள் கொம்பைல் பண்ணின உடன. ஆனா அண்ணை, மாச முடிவுக்குள்ள பாருங்கோ. இஞ்ச புதுசா ஒரு பொடியன் வந்து நிக்கிறான், நாலாவது கையைத் தனக்குத் தரச்சொல்லிக் கேக்கிறான்.”

நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். “கொம்பைல் எண்டால் என்ன, மாஸ்டர்?”

எனக்கும் அன்றுதான் தெரியவந்தது. தேவன் அனுப்பிய ஆங்கிலக் குறிப்பை இரண்டுமுறை வாசித்துவிட்டு ஓர் உதாரணம் சொன்னேன். “தேவன் தோசை அனுப்பேல்லை, சம்பந்தி. உழுந்தும் அரிசியும் அனுப்பியிருக்கிறார். நாங்கள்தான் அரைச்சுச் சுட வேணும். அரைக்கிற கிரைண்டருக்குப் பேர் கொம்பைலர்.”

“சரி, கிரைண்டர் எங்க?”

“அதையும் இன்ரநெட்டில இருந்து இறக்கித்தான் எடுக்க வேணும்.”

வாணி அன்று பின்னேரம் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “மாமா, எப்பிடியாவது இதைச் செய்து குடுங்கோ. கை போனால் தானும் போறாராம். இந்தமுறை பெட்டியை மட்டும் இல்லை, பாஸ்போட்டையும் எடுத்து வச்சிருக்கிறார்.”

இப்படித்தான் நாம் இருவரும் அந்தச் சின்ன அறைக்குள் புகுந்தோம். கணினி உங்களுடையது, ஜேர்மனியில் இருந்து நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதன் விண்டோஸ் ஜேர்மனில் பேசும். தேவனின் குறிப்போ ஆங்கிலத்தில். நான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன், நீங்கள் கேட்டு ஜேர்மனில் அழுத்துவீர்கள். கணினி ஜேர்மனில் ஏதாவது கேட்கும், நீங்கள் தமிழில் எனக்குச் சொல்வீர்கள்.

“சம்மதமோ எண்டு கேக்குது.”

“என்னத்துக்குச் சம்மதம்?”

“அதைச் சொல்லேல்லை. ‘ஓம்’ இருக்கு, ‘இல்லை’ இருக்கு, ‘நிப்பாட்டு’ இருக்கு.”

“குறிப்பில ஓம் எண்டுதான் கிடக்கு.”

“அப்ப ஓம். ஆனா ஒண்டு, மாஸ்டர், கலியாண வீட்டில ஐயர் கேட்ட உடன ஓம் எண்டு சொல்லுறமாதிரிக் கிடக்கு.”

ஒருமுறை நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன இடைவெளியில் நானே கட்டளை ஒன்றைத் தட்டினேன். ஒய்யை அழுத்தினால் ஸெட் விழுந்தது. நீங்கள் திரும்பி வந்து திரையைப் பார்த்தீர்கள். “இவ்வளவு காலமும் இங்கிலீசில படிப்பிச்ச ஆளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதோ?” என்றீர்கள். அதன்பிறகு விசைப்பலகையில் கைவைக்கும் உரிமை எனக்கு இல்லாமல் போனது.

முதல்நாளே ஒரு சிறிய வேலை இருந்தது. தேவனின் கோப்பு ஒன்றைத் திறந்து, உங்கள் பெயரை அதற்குரிய வரியில் எழுதவேண்டும். அதற்குள் என் மனைவி என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டதால், அதை நீங்கள் தனியே செய்துமுடித்தீர்கள். நான் வந்தபோது திரைக்கு முன் சாம்பிராணி வாசம் வந்தது. விசைப்பலகையில் பொட்டும் இருந்தது.

பிறகு கிரைண்டரை ஓடவிட்டோம். கறுப்புச் சாளரத்தில் வெள்ளை எழுத்துகள் மழைபோல் ஓடி, பிழை என்று நின்றன. ஒன்றல்ல, எண்ணமுடியாத அளவுக்குப் பிழைகள். ஆங்கிலத்தில் இருந்ததால் அது என் பொறுப்பாகிவிட்டது. நான் மகிழ்ச்சியோடு சிவப்புப் பேனையை எடுத்தேன். வேலை என்று ஒன்று கையில் கிடைத்துப் பல நாள் ஆகியிருந்தது.

திரையில் கடைசியாக நின்ற பிழைதான் கண்ணில் பட்டது, ஆகவே அதில் தொடங்கினேன். ஒரு பெயர் தனக்குத் தெரியாது என்றது. அந்தப் பெயரை அங்கே எழுதவைத்தேன். திரும்ப ஓட்டினோம், பிழைகள் கூடின. அடுத்தநாள் இன்னொன்றைத் திருத்தினோம், இன்னும் கூடின. என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று, நம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“நேற்றையில பாக்க இண்டைக்கு நீளமாக் கிடக்கு. நல்லா வளருது போல.”

“பிழைகள், தங்கச்சி,” என்றீர்கள் நீங்கள் சோர்ந்துபோய்.

“ஓ. நான் விளையாட்டாக்கும் எண்டு நினைச்சன், அண்ணை.”

மாசத்தின் கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. அடுத்தநாள் சனி. பெட்டி அலுமாரிக்கு மேலே இல்லை, கட்டிலில் திறந்துகிடந்தது. அதற்குள் இரண்டு சேட்டும் ஒரு கம்பளிச் சட்டையும் மடித்துவைத்திருந்தன. வாணி அதைக் கடந்துபோகும்போதெல்லாம் வேறுபக்கம் பார்த்தாள். நான் கதிரையில் இருந்து இன்னுமொரு கடைசிப் பிழையைச் சிவப்பால் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் பொறுமை தீர்ந்து, கடைசிப் பக்கத்தில் இருந்தோ திருத்தினீர்கள் என்ற அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் என்னைக் குத்தத்தான் கேட்டீர்கள். ஆனால் என் பேனை அப்படியே நின்றுவிட்டது.

கணித விடையில் ஒரு பிள்ளை முதல் வரியில் கூட்டலைப் பிழைவிட்டால், கீழே உள்ள அத்தனை வரியும் பிழையாகத்தான் வரும். ஆசிரியர் கீழே உள்ளதைத் திருத்திக்கொண்டிருப்பதில்லை. முதல் வரியில் ஒரு வட்டம், அவ்வளவுதான். இதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

“சம்பந்தி, மேல போங்கோ.”

“எங்க?”

“மேல. ஆக மேல. முதல் பிழைக்கு.”

நீங்கள் நெடுநேரம் மேலே உருட்டினீர்கள். முதற்பிழை சின்னதாக இருந்தது. கோப்பின் முதலாவது வரியில், தான் அறியாத ஏதோ எழுத்து வழிதவறி வந்து நிற்கிறது என்றது. அது எந்தக் கோப்பு என்று பார்த்தால், உங்கள் பெயரை எழுதிய அதே கோப்பு. திறந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

உ

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் யன்னலைப் பார்த்தீர்கள்.

“அது நான்தான்,” என்றீர்கள்.

“கொம்பியூட்டருக்கோ பிள்ளையார் சுழி போட்டனீங்கள்?”

“கொம்பியூட்டருக்கு இல்லை, மாஸ்டர். வேலைக்கு. சுழி போடாமல் எப்பிடி ஒண்டை எழுதத் தொடங்குறது?” பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். “சேவ் பண்ணேக்க அது ஜேர்மனில கேட்டது. இந்த எழுத்து அழிஞ்சுபோகும், பரவாயில்லையோ எண்டு. பிள்ளையாரை அழிக்கட்டோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லுறதோ? ‘நிப்பாட்டு’ எண்டதை அழுத்திப்போட்டு, அழியாமல் வைக்கிற வழி ஒண்டைத் தேடிப் பிடிச்சு வச்சன்.”

நாம் ஒரு மாதமாகச் செய்த காரியங்களில் பிழையில்லாமல் நடந்தது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

“இப்ப அழிப்பம்,” என்றேன்.

“ஏலாது.”

“நாளைக்குச் சனிக்கிழமை, சம்பந்தி.”

“பிள்ளையாரை அழிச்சுப்போட்டு இருந்து விளையாடி, நான் வெல்லுறதோ? கை போனால் போகட்டும்.”

நீங்கள் எழுந்து பெட்டி இருந்த அறைப் பக்கம் நடந்தீர்கள். குசினியில் வாணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. எனக்கு வேறு வழி தெரியாமல் தேவனுக்குத் தொலைபேசி அடித்தேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

“மாஸ்டர், அங்கங்க சாய்ஞ்ச கோடும் நட்சத்திரமும் போட்டு நான் குறிப்பு எழுதியிருக்கிறன், கண்டனீங்களோ?”

கண்டிருந்தேன். அதில் ஒன்று, ‘இந்த இடம் ஏன் வேலை செய்யுது எண்டு எனக்கே தெரியாது, ஒருத்தரும் தொடாதேங்கோ’ என்று ஆங்கில எழுத்தில் தமிழாக இருந்தது.

“அந்த ரெண்டு குறிக்கும் நடுவில என்னவும் எழுதலாம். மெசின் அதை வாசியாது, தாண்டிப் போயிடும். பிள்ளையாரை அதுக்குள்ள இருத்திவிடுங்கோ.”

நான் அறை வாசலுக்குப் போய் உங்களுக்கு விளக்கினேன். கையில் கம்பளிச் சட்டையோடு நின்று கேட்டீர்கள்.

“வாசியாதெண்டால், மதியாதோ?”

“இல்லை, சம்பந்தி. கோயில்ல கும்பிடேக்க நாங்கள் கண்ணை மூடுறேல்லையோ? அப்பிடித்தான். அந்த இடம் வந்தால் அது கண்ணை மூடும்.”

சட்டையைப் பெட்டிக்குள் வைத்தீர்கள், ஆனால் மூடவில்லை. வந்து கதிரையில் இருந்து, சுழிக்கு முன்னும் பின்னும் அந்தக் குறிகளைப் போட்டீர்கள். நான் ஒரு மாதமாகத் திருத்திய திருத்தங்களை எல்லாம் நீக்கச் சொன்னேன். அதைச் சற்று அதிகமான சந்தோசத்தோடு செய்தீர்கள். பிறகு ஓட்டினோம். எழுத்துகள் ஓடின. நின்றன. ஒன்றும் வரவில்லை.

“ஒண்டும் சொல்லேல்லையே,” என்றீர்கள் பயந்து.

“ஒண்டும் சொல்லாட்டில் சரி எண்டு அர்த்தமாம்.”

“ஜேர்மனியில அப்பிடி இல்லை, மாஸ்டர். சரியெண்டாலும் ஒரு கடிதம் வரும்.”

சனிக்கிழமை நாலு கையும் கூடின. நீங்கள் தோற்றீர்கள். வெட்டுவதற்கு ஒரு துரும்புச் சீட்டே வராத தாள்களோடு, படுமோசமாக, தொலைபேசியில் மூன்று பேரிடமும் ஏச்சு வாங்கித் தோற்றீர்கள். அப்படிச் சிரித்து நான் உங்களை அதற்குமுன் கண்டதில்லை. வாணி வந்து, “மாமா, இந்தப் பெட்டியை ஒருக்கா மேல ஏத்திவிடுங்கோ” என்றாள். நான் ஏற்றினேன். அதன்பிறகு அதை யாரும் இறக்கவில்லை. தேவன் புதிது புதிதாக ஏதாவது மாற்றி அனுப்பிக்கொண்டே இருந்தார். நீங்களும் நானும் அரைத்துக்கொண்டே இருந்தோம். உங்களுக்கு விளையாட்டைவிட அரைப்பதுதான் பிடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது.

நீங்கள் காலமாகி, உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்த கிழமை தேவன் தொலைபேசி எடுத்தார். “மாஸ்டர், கை ஒண்டு வெறுமையாக் கிடக்கு. அந்தப் பொடியன் இன்னும் கேக்கிறான். நாங்கள் முதல்ல உங்களிட்டைக் கேப்பம் எண்டு முடிவெடுத்தனாங்கள். புதுசு ஒண்டு போட்டிருக்கிறன், கொம்பைல் பண்ணிக்கொண்டு வாருங்கோ.”

இன்றுதான் உங்கள் கணினிக்கு முன்னால் இருந்தேன். கணினி ஜேர்மனில் கேட்டதற்கெல்லாம் உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு ஓம் சொன்னேன். பெயர் எழுதும் கோப்பைத் திறந்தேன். தேவன் அனுப்பிய புதுக் கோப்பு அது. நாம் யாரும் அதைத் தொட்டதில்லை. அதன் முதல் வரியில், இரண்டு குறிகளுக்கு நடுவே, உ இருந்தது. இப்போது எல்லாப் பிரதியிலும் அது இருக்கிறதாம். இல்லாமல் அனுப்பத் தனக்குப் பயம் என்றார், கடவுள் நம்பிக்கை இல்லாத தேவன்.

நாலாவது கைக்கான வரியில் உங்கள் பெயர் இருந்தது. அதை அழித்துத்தான் என் பெயரை எழுதவேண்டும் என்று குறிப்பு சொன்னது. நான் அழிக்கவில்லை. முன்னும் பின்னும் அந்தக் குறிகளைப் போட்டு, கீழே என் பெயரை எழுதினேன். கணினி அந்த இடத்தில் கண்ணை மூடும். நான் திறந்து வாசிப்பேன்.

ஓட்டினேன். திரை நிறையப் பிழை. நான் பயப்படவில்லை. மேலே, ஆக மேலே போனேன். என் பெயருக்குப் பின்னால் வைக்கவேண்டிய ஒரு சின்னக் குறி விடுபட்டிருந்தது. அதை வைத்துத் திரும்ப ஓட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. நாளை சனிக்கிழமை, சம்பந்தி.

இதை வேறு யாராவது வாசித்தால், அவர்களுக்கும் ஒன்று: பிழைகள் கும்பலாக வந்து நின்றால், முதலாவதை மட்டும் திருத்திவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.