மரத்தடியில் கட்டிய கைகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை ஷிப்ட். டோட்மார்டன் மேட்டில் ஆடுகள் இரண்டு தடவை பேருந்தை மறித்தன. மூன்று மணிக்கு வீடு வந்து சோரெலோடு ஓடைக்குப் போனேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை தண்ணீர் பிடித்துச் சோதிக்கிறாள். ஆறு வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. மழை பெய்தால் போதும், சாக்கடையைத் திறந்துவிடுகிறார்கள். இன்றும் அதே நுரை, அதே நாற்றம். முழங்கால் வரை இறங்கிக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருய்யா டிரைவர், நம்ம தெய்வத்துக்கு ஊரு கொடுக்கிற தீர்த்தம்!"

எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். மண்ணும் நீரும்தான் எங்களுக்குத் தெய்வம் என்று எல்லோருமே சொல்கிறோம். பூட்ஸ் மாட்டிக்கொண்டு அந்த நாற்றத்தில் இறங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

திரும்பும்போது மறுபடி அந்தப் பேச்சு. "ஒரு நாள் லீவு போடு. கல்யாணப் பதிவு அலுவலகத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்."

"பதினேழு வருஷம் முன்னாடி ஓக் மரத்தடியில ரெண்டு பேர் கையையும் சேர்த்துக் கயித்தால கட்டிக்கிட்டோமே, அது பத்தாதா? மண்ணு முன்னாடி கொடுத்த வாக்க சர்க்கார் வந்து சரிபார்க்கணுமா?"

"எனக்காகக் கேக்கிறேன்யா."

பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அடுப்படியில் விழுந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறதாம். "என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன்?

பிப்ரவரி 21, வெள்ளி

காலை 6.10.

பிப்ரவரி 22, சனி

"சட்டப்படி நீங்க அவங்களுக்கு யாரு?" என்று ஆஸ்பத்திரிப் பெண் கேட்டாள். நல்ல பெண். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். காகிதங்கள் எல்லாம் சோரெலின் அம்மா எட்னாவின் கைக்குப் போயின. அம்மாவுக்குப் பதில் எல்லாவற்றையும் பேசியவன் சோரெலின் அண்ணன் கார்டன். பர்ன்லியிலிருந்து வந்திருக்கிறான். தங்கையோடு பேசி நான்கு வருடம் ஆகிறது.

"எங்கப்பா கல்லறை பக்கத்துல இடம் இருக்கு. சூசன் அங்கதான் போவா."

சூசன்! அந்தப் பெயரை அவள் விட்டு இருபது வருடம். புல்லோடு புல்லாக முளைக்கிற புளிப்புக் கீரையின் பெயரைத் தேடி, சோரெல் என்று வைத்துக்கொண்டவள்.

அவளுக்கு வேண்டியது என்னவென்று சொன்னேன். பிரம்புக் கூடையில் வைத்து, உடம்பு கெடாமலிருக்க மருந்து எதுவும் ஏற்றாமல், காட்டுப் புதைநிலத்தில் வெறும் மண்ணில். கல் வேண்டாம், மேலே ஒரு கன்று நட்டால் போதும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எழுதி வச்சிருக்காளா?"

இல்லை.

"அப்ப விடுங்க. மரத்தடியில கயித்தக் கட்டிக்கிட்டா கல்யாணமா? எம்பொண்ணு பொம்மைக்கெல்லாம் அப்படிப் பண்ணி வச்சிருக்கா."

எட்னா கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

பிப்ரவரி 26, புதன்

ஹெட்டி வீட்டில் வட்டம் கூடியது. பறைகளோடு போய்த் தேவாலய வாசலை மறிக்க வேண்டும் என்கிறான் லோர்கன். பிரையனி வேண்டாம் என்கிறாள். எங்களில் இளையவள் அவள். "உடம்பு வெறும் ஓடுதானே, அவ எப்பவோ காத்துல கலந்துட்டா" என்றாள், ஆறுதலாகத்தான்.

கத்திவிட்டேன். ஓடா? பதினேழு வருஷம் அந்த ஓட்டுக்குப் பக்கத்துல படுத்தவன்டி நான். அதுக்குக் குளிர்ல கால் விறைச்சா நான்தான் தேய்ச்சு விடுவேன். இப்ப அதுக்குள்ள ஃபார்மலின ஏத்தி வச்சிருக்கானுங்க. எட்னா போனில் சொன்னாள். ஓடைத் தண்ணியில ஒரு சொட்டு விஷம் கூடினாலும் மாநகராட்சிக்கு எழுதுறவ உடம்புல. நாளைக்கு அதுவும் மண்ணுலதானே இறங்கும்?

பிறகு ஹெட்டி சூப் கொண்டு வந்து வைத்தாள். குடித்தேன். குடிக்க முடிந்தது என்பதே வெட்கமாக இருக்கிறது.

பறை வேண்டாம் என்று லோர்கனிடம் சொல்லிவிட்டேன். சண்டையில் அவளைப் புதைக்கக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாதிரியார் நல்ல மனிதர்தான், ஆனால் சூசன் சூசன் என்றுதான் பேசினார். வேறு யாருடைய சாவுக்கோ தவறி வந்துவிட்டது போல இருந்தது. பளபளவென்று மெருகு ஏற்றிய பெட்டி, பித்தளைக் கைப்பிடிகள்.

வட்டத்தார் மதிலுக்கு வெளியே மழையில் நின்றார்கள். பறை கொண்டு வரவில்லை.

பெட்டியைத் தூக்கும்போது கார்டனால் முடியவில்லை. தோள் குலுங்கியது. வேறொருவர் வந்து பிடித்துக்கொண்டார். அவனை வெறுத்துக்கொண்டே இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு எட்னா வந்தாள்.

"உன் பக்கம் ஒரு வார்த்தை நான் பேசியிருக்கணும் தம்பி. அவனுக்குப் பயந்துட்டேன்."

"பேசியிருக்கலாம்மா" என்றேன். வீடு வரும்வரை அது என் காதிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. யார் பேசியிருக்கலாம்? எட்னாவுக்கு மகன் மேல் பயம். எனக்கு என்ன பயம்? பயமே இல்லை. திமிர். அவள் கேட்டாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? சாகப் பத்து நாளைக்கு முன்னால்கூடக் கேட்டாளே பாவி.

மார்ச் 11, செவ்வாய்

மழை. ஓடைக்கு நான் போகவில்லை. தண்ணீர் பிடிக்கப் பிரையனி போனாளாம்.

ஏப்ரல் 9, புதன்

ஹெப்டன் நிறுத்தத்தில் சோரெலுடையதைப் போலவே பச்சை மழைக்கோட்டு போட்ட ஒருத்தி நின்றாள். கதவைத் திறந்தேன். அவள் இந்தப் பேருந்துக்கு நிற்பவளே இல்லை. ஆனாலும் கதவை மூட முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர், "என்னய்யா, வண்டி செத்துப்போச்சா?" என்றார்.

மே 1, வியாழன்

கோடையை வரவேற்கும் பெல்டேன் நெருப்பு, எல்லோரும் தாண்டுவார்கள். நான் தாண்டவில்லை, விறகு மட்டும் போட்டேன். பிரையனியும் அவள் சேர்ந்து வாழும் டோபியஸும் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் கைகட்டிக்கொள்ளப் போகிறார்களாம். கயிற்றை நான்தான் கட்ட வேண்டுமாம்.

"கட்டுறேன். முதல்ல பதிவு அலுவலகம் போய்ட்டு வாங்க."

பிரையனிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களா பேசுறீங்க? வருஷா வருஷம் இதே நெருப்புகிட்ட நின்னுக்கிட்டு, காகிதம் வேணாம் காகிதம் வேணாம்னு பிரசங்கம் பண்ணது யாரு?"

"நான்தான். என் பேச்சக் கேட்டுக்கிட்டு அவளும்..."

பிரையனி என் முழங்காலில் கை வைத்தாள்.

நெருப்புக்கு அந்தப் பக்கமிருந்து லோர்கன் கேட்டான். "பயந்துட்டியா ஆல்வின்? கடைசியில அவங்க சட்டத்துக்கே தலையாட்டிட்டியே."

"ஆமாடா. தலையாட்டுறேன்."

பிறகு அவனும் விறகு போட வந்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஹாலிஃபாக்ஸ். பதிவு அலுவலகத்தில் நான் ஒரு சாட்சி, ஹெட்டி ஒரு சாட்சி. பிரையனி தலையில் டெய்சிப் பூ வைத்திருந்தாள். டோபியஸ் தன் பெயரையே தப்பாகச் சொல்லி அதிகாரியைச் சிரிக்க வைத்தான். நாளை மரத்தடியில் கயிறு கட்ட வேண்டும்.

என் பெயருக்கு நேராக அதிகாரி அம்மாள் விரல் வைத்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பேருந்து ஓட்டுகிறவன் வேறு என்ன செய்வான். சோரெல் ஒரு நாள் லீவு கேட்டாள்; உள்ளே போனதிலிருந்து எல்லாம் முடியப் பதினொரு நிமிடம். தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன்.

பதினொன்றுதான்.