பஞ்சு வைத்த தோள்

ஜூலை 18, வெள்ளி.

மாதா திருவிழாவுக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். இடது தோள் தூக்கிக்கொண்டு நின்றது. என் முதுகெலும்பு வளைந்து அந்தத் தோள் தாழ்ந்திருந்த காலத்து அளவு ஜாக்கெட்டைப் பார்த்து, தையல்காரர் வழக்கம்போல் உள்ளே பஞ்சு வைத்துவிட்டார். பிசியோதெரபி அக்கா சொல்லித்தந்த பயிற்சிப்படி குழிந்த பக்கத்தில் மூச்சை நிரப்பி நிரப்பி, ஒரு வருஷத்தில் தோள் சமமாகிவிட்டது தையல்காரருக்குத் தெரியாது.

"நேராயிட்டியே பாப்பா! பஞ்சைப் பிரிச்சிருதேன்" என்றார் சந்தோஷமாக.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் கூட வந்திருந்த அம்மா. "இது எத்தன நாளைக்கு நிக்கப் போவுது? பொறவு திரும்பவும்லா வைக்கணும்."

பஞ்சோடுதான் வீட்டுக்கு வந்தேன். தினமும் காலையில் பயிற்சியின்போது என் விலாவை அழுத்திப் பிடிக்கும் கை அம்மாவுடையதுதான். நம்பாமலேயே பிடித்திருக்கிறாள், பாவி. நாளைக்கும் அந்தக் கையில்தான் முதுகைக் கொடுக்க வேண்டும்.